நீவாடு இல்லாத தொட்டியில் பவளம் எதுக்கு?

டிஸ்கி: இது வீட்டுல பவளம் வளர்க்கிறது பற்றிய பதிவு. நான் பொட்டி தட்டுறது சிங்கப்பூரில். இங்கே முறையா அனுமதியோட இறக்குமதியாகிற பவளங்களைக் கடையில் வாங்கலாம். இந்தியாவில் இருக்கிற மக்கள் இதைப் படிச்சுட்டு ஆர்வக்கோளாறுல இறங்கிடாதீங்க. அங்கே கல் பவளங்கள் எல்லாம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. புலியை வீட்டுல கட்டி வைக்கிற மாதிரிதான். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது, சொல்லிட்டேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் ஹால்ல இருக்கிற தொட்டி முன்னாடி ரெண்டு நிமிஷம் நிப்பாங்க. அப்புறம் வரிசையா மூணு கேள்வி வரும். "இது நீமோ தானே?" "லைட்டு இவ்ளோ நீலமா இருக்கே, எத்தனை வெள்ளி?" "உப்புத்தண்ணி எங்கேர்ந்து பிடிக்கிறீங்க?" 2019-லிருந்து தொட்டி வெச்சிருக்கேன். இத்தனை வருஷத்தில் தண்ணி எப்படி ஓடுதுன்னு கேட்டது ஒரே ஒரு ஆள்தான். அவருக்கு மீன் தொட்டி பற்றி ஒண்ணும் தெரியாது. ஊர்லேர்ந்து வந்திருந்த எங்க சித்தப்பா. இளவயசுல தூத்துக்குடியில் வள்ளத்துல கடலுக்குப் போனவர். கண்ணாடிகிட்ட குனிஞ்சு பார்த்துட்டு அவர் கேட்டது இதுதான்: "ஏலே, இதுக்குள்ள நீவாடு உண்டா?"

தெரியாதவங்களுக்கு: கடல்ல ஓடுற நீரோட்டத்தை எங்க பக்கத்துக் கடல்காரங்க நீவாடுன்னு சொல்வாங்க. எந்தப் பக்கம் நீவாடு, எவ்வளவு வேகம்னு பார்த்துட்டுத்தான் வலையே இறக்குவாங்க.

அஞ்சு லட்சம் வலைப்பக்கத்தைப் படிச்சுட்டு நான் நாலு வருஷம் கழிச்சுப் புரிஞ்சுக்கிட்ட விஷயத்தை மனுஷன் நாலு வார்த்தையில் கேட்டுட்டுப் போயிட்டார். அதனால இந்தப் பதிவு.

என் கட்சி இதுதான். பவளத் தொட்டி வைக்கிறவங்க லைட்டுக்கும், பாட்டில் பாட்டிலா விக்கிற மருந்துக்கும் செலவு பண்றதுக்கு முன்னாடி தண்ணி ஓட்டத்துக்குச் செலவு பண்ணணும். காசு மட்டும் இல்லை, கவனமும். அதுக்கு மனசு வரலேன்னா மீனோட நிறுத்திக்கணும், பவளம் வாங்கக்கூடாது. கொஞ்சம் கறாரா இருக்கோ? ஏன் கறாரா சொல்றேன்னு தெரிய கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

நம்ம தொட்டி 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். கணக்குப் போட்டா 243 லிட்டர். வீவக வீட்டு ஹால்ல இதுக்கு மேல வெச்சா தங்கமணி என்னைத் தூக்கித் தொட்டிக்குள்ள போட்டுடுவாங்க. 2020 ஏப்ரல்ல இங்கே ஊரடங்கு போட்டப்போ, வீட்டிலேயே ஆணி புடுங்கிக்கிட்டு, பக்கத்துல தொட்டியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்போ வாங்கின ஒரு டார்ச் பவளம் ரெண்டு தலையோட வந்தது. நீளமான விரல், நுனியில் பச்சை உருண்டை. காத்துல நெற்பயிர் அசையுற மாதிரி அசையும். அடுத்த வருஷக் கடைசியில் அஞ்சு தலை ஆச்சு. எனக்குத் தலைகால் புரியல. யார் வந்தாலும் முதல்ல அதைத்தான் காட்டுவேன்.

அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமா சுருங்க ஆரம்பிச்சது. காலையில் முழுசா விரியாது. விரல் குட்டையாச்சு. நான் என்ன பண்ணினேன்? உப்பு அளவு பார்த்தேன். கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை எல்லாம் பார்த்தேன். எல்லாம் சரியா இருந்தது. லைட்டைக் குறைச்சேன். ஏத்தினேன். மறுபடி குறைச்சேன். யாரோ சொன்னாங்கன்னு அமினோ அமிலம் பாட்டில் வாங்கி ஊத்தினேன். இன்னொருத்தர் சொன்னார்னு அயோடின். நாலு மாசம் இப்படியே ஓடுச்சு. சொந்த செலவில் சூனியம்னா என்னன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது.

ஒரு ஞாயித்துக்கிழமை தங்கமணி காப்பியோட வந்து நின்னு பார்த்துட்டுச் சொன்னாங்க. "முன்னல்லாம் மேல தண்ணி அலை அலையா போகும். லைட்டு கீழே மணல்ல ஆடும். இப்ப சும்மா நடுங்குது, கவனிச்சீங்களா?"

ஙே!

பம்பைக் கழட்டிப் பார்த்தா உள்ள சுழலுற விசிறி மேல வெள்ளையா சுண்ணாம்பு அப்பியிருக்கு. வெளிக்கூட்டில் ஊதாக் கலர் பாசி கல்லு மாதிரி இறுகி, தண்ணி போற ஓட்டையில் பாதி அடைஞ்சிருக்கு. பவளத் தொட்டித் தண்ணியில் பவளம் எலும்பு கட்டுறதுக்காக கால்சியத்தை நாமே கூட்டி வெச்சிருக்கோம். அது பவளத்துல மட்டும் போய் ஒட்டுமா? சூடான இடத்துல, உரசுற இடத்துல எல்லாம் ஒட்டும். கன்ட்ரோலர்ல 70 சதவீதம்னு காட்டிக்கிட்டேதான் இருந்தது. அது மோட்டாருக்கு நாம கொடுக்கிற கட்டளை மட்டும்தான். தண்ணி அதைக் கேட்டுச்சான்னு அதுக்குத் தெரியாது.

சிட்ரிக் ஆசிட்ல ஊறவெச்சு, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, மாட்டின உடனே பழைய அலை வந்துடுச்சு. ஆனா டார்ச்சுக்கு லேட். தலைக்குத் தலை நடுவுல அழுக்கும் சளியும் நாள்கணக்கா தேங்கி இருந்திருக்கு. பம்பை மாட்டின நாலாவது நாள் ஒரு தலை பழுப்பு ஜெல்லி மாதிரி கரைய ஆரம்பிச்சது. இந்த வியாதி வந்தா பக்கத்துத் தலைக்கும் பரவும். நாத்தமும் தாங்காது. ரெண்டே நாள்ல அஞ்சு தலையில் மூணு காலி. மீதி ரெண்டை வெட்டி எடுத்துத் தனியா வெச்சுக் காப்பாத்தினேன். அந்த ரெண்டு இன்னிக்கும் இருக்கு. ஆனா அந்த நாலு மாசம் அது மூச்சு முட்டிக்கிட்டு இருந்தப்போ நான் பக்கத்துல உக்காந்து பாட்டில்ல அமினோ ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன். இதை நினைச்சா இன்னிக்கும் ஒரு மாதிரியா இருக்கும்.

மூச்சுன்னு சும்மா பேச்சுக்குச் சொல்லல. பவளம் ஒரு விலங்கு. ஆனா அதுக்கு நுரையீரல் கிடையாது, செவுள் கிடையாது, சிறுநீரகம் கிடையாது, நடந்து போக கால் கிடையாது. ஆக்சிஜன் உள்ளே வர்றதும், கழிவு வெளியே போறதும் தோல் வழியாத்தான். சாப்பாடும் தண்ணிதான் வாய்கிட்ட கொண்டு வந்து தரணும்.

மே மாசம் மதியம், கரண்ட் இல்ல, ஃபேன் இல்லன்னு வைங்க. ரூம்ல காத்து நிறைய இருக்கு. ஆனா நம்ம உடம்பை ஒட்டி இருக்கிற காத்து நம்ம வேர்வையில் நனைஞ்சு, சூடாகி, அங்கேயே நிக்கும். வேர்வை காயாது. ஃபேன் புதுக்காத்து எதுவும் உற்பத்தி பண்றதில்லை. ஒட்டி நிக்கிற அந்த மெல்லிசான படலத்தைத் தள்ளிவிடுது, அவ்வளவுதான். பவளத்தைச் சுத்தியும் இதே மாதிரி தண்ணிப் படலம் ஒண்ணு ஒட்டி நிக்கும். வெளியே தண்ணி ஓட ஓட அது மெலியும். ஓட்டம் குறைஞ்சா தடிக்கும். அந்தப் படலத்துக்குள்ள எல்லாமே மெதுவா ஊறித்தான் போகணும். தொட்டியில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தாலும் படலம் தடிச்சா பவளத்துக்குப் போய்ச் சேராது.

ராத்திரி இது மூச்சுத்திணறல். பகல்ல வேற பிரச்சினை. பவளத்தோட சதைக்குள்ள பாசி குடியிருக்கு. வெளிச்சம் பட்டா அது ஒளிச்சேர்க்கை பண்ணி ஆக்சிஜனை உள்ளேயே கொட்டும். அளவுக்கு மீறின ஆக்சிஜன் அந்தச் சதைக்கே விஷம். அதையும் தண்ணிதான் வெளியே இழுத்துக்கிட்டுப் போகணும். அதாவது லைட்டைக் கூட்டக் கூட்ட ஓட்டமும் கூடணும். ஓட்டத்தைக் கவனிக்காம பெரிய லைட்டு மாட்டுறது, ஜன்னல் இல்லாத சமையல்கட்டுல நாலு அடுப்பு பத்த வைக்கிற கதை.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1998-ல் உலகம் முழுக்கக் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்துப் போன கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அப்போ சில பவளங்கள் செத்து, சில பவளங்கள் ஏன் தப்பிச்சதுன்னு நகமுரா, வான் வோசிக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க. நீரோட்டத்தோட வேகம் அதுக்கு ஒரு காரணம்ங்கிறதுதான் அவங்க சொன்னது. சூட்டுல, வெயில்ல, நல்லா தண்ணி ஓடுற இடத்துப் பவளம் தாக்குப் பிடிச்சிருக்கு.

இன்னும் ஒரு சுவாரசியம். ஸீனியான்னு ஒரு மென்பவளக் குடும்பம் உண்டு. கையை விரிச்சு மூடி, விரிச்சு மூடி, நாள் முழுக்கத் துடிச்சுக்கிட்டே இருக்கும். கடையில் பார்த்தா குழந்தைங்க நகராது. ஏன் இப்படித் துடிக்குதுன்னு செங்கடல்ல ஆராய்ச்சி பண்ணி 2013-ல் எழுதினாங்க. துடிக்கும்போது அது தன்னைச் சுத்தி இருக்கிற தண்ணியைக் கலக்குது, ஆக்சிஜனை வெளியே தள்ளுது, ஒளிச்சேர்க்கை பல மடங்கு கூடுதுன்னு தெரிஞ்சது. அடுத்த வருஷம் 2014-ல் இன்னொரு கட்டுரை. கல் பவளங்களும் தோல் மேல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகளை ஆட்டி, குட்டிக் குட்டிச் சுழலை உண்டாக்கி, அந்தப் படலத்தைக் கலக்கி விடுதாம். ஓட்டம் கிடைக்காத இடத்துல தானே ஓட்டம் உண்டு பண்ணிக்கப் பார்க்குது பாவம். ஓர் உயிர் இவ்வளவு மெனக்கெடுதுன்னா அது அதுக்கு எவ்வளவு முக்கியமா இருக்கணும்?

சரி, எவ்வளவு ஓட்டம் வேணும்? இங்கேதான் நம்ம ஆளுங்களோட எனக்குத் தகராறு.

பவளத் தொட்டி ஆளுங்ககிட்ட ஒரு வாய்ப்பாடு இருக்கு. தொட்டி அளவைப் போல மணிக்கு இத்தனை மடங்கு தண்ணியைப் பம்பு தள்ளணும். முன்னாடி பத்து மடங்குன்னாங்க. அப்புறம் இருபது. இப்ப அக்ரோபோரா மாதிரி கிளைப் பவளம் வெச்சிருக்கிறவங்க நாப்பது, அம்பதுங்கிறாங்க. டப்பா மேல போட்டிருக்கிற நம்பரைக் கூட்டி, தொட்டி அளவால வகுத்து, "நம்ம கிட்ட முப்பது மடங்கு பாஸ்"னு காலரைத் தூக்கி விட்டுக்கிறது.

என் தொட்டிக்கே கணக்குப் போடுவோம். இருபது மடங்குன்னா மணிக்கு 4860 லிட்டர். வினாடிக்கு 1350 கன சென்டிமீட்டர். தொட்டியைக் குறுக்கே வெட்டினா 45-க்கு 45, அதாவது 2025 சதுர சென்டிமீட்டர். பம்பு தள்ளுற தண்ணி மட்டும் அந்த அகலம் முழுக்கச் சமமா பரவிப் போச்சுன்னா வேகம் வினாடிக்கு 0.67 சென்டிமீட்டர்! சமையல்கட்டு எறும்பு இதைவிட வேகமா போகும். நாப்பது மடங்காக்கினாலும் 1.33தான். கடல்ல பவளப் பார் மேல வினாடிக்குப் பத்து, இருபது சென்டிமீட்டர்ங்கிறது சர்வசாதாரணம். அலை உடையுற இடத்துல ஒரு மீட்டரையும் தாண்டும்.

அப்போ தொட்டியில் பவளம் எப்படிப் பிழைக்குது? பம்பிலிருந்து பீச்சுற தண்ணி சும்மா தனியா போறதில்லை. பக்கத்துல இருக்கிற தண்ணியையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகுது. அந்த இழுவைக்கு வழிவிட்டா முழுத் தொட்டித் தண்ணியும் ஒரு சுத்து சுத்த ஆரம்பிக்கும். ராட்டினத்தைச் சின்னச் சின்னதா தள்ளிக்கிட்டே இருந்தா வேகம் ஏறுமே, அது மாதிரி. வழிவிடாம, பம்புக்கு நேரா அரை அடியில் ஒரு பாறையை வெச்சீங்கன்னா அந்த வேகம் எல்லாம் பாறையில் மோதி அங்கேயே செத்துடும். பாறை முன்னாடி புயல், பாறை பின்னாடி குட்டை. ஒரே பம்பு, ஒரே மடங்கு. ஆனா ஒரு தொட்டியில் பவளம் வளரும், இன்னொண்ணுல சாகும்.

அதனால மடங்குக் கணக்கை நம்பாதீங்கன்னு சொல்றேன். அது கடைக்காரருக்கு வசதியான நம்பர். பவளத்துக்கு அந்த நம்பரோட சம்பந்தம் இல்லை. அதன் தோல் மேல தண்ணி எவ்வளவு வேகமா போகுதுங்கிறதுதான் அதுக்கு முக்கியம்.

அதை அளக்க லேப் எல்லாம் வேண்டாம். கண்ணாடியில் வெளிப்பக்கமா 30 சென்டிமீட்டர் ஸ்கேலை ஒட்டுங்க. மீன் தீவனத்தை நல்லா ஊறவெச்சு ஒரு சிட்டிகை விடுங்க. போன்ல வீடியோ எடுங்க. ஒரு துணுக்கு 30 சென்டிமீட்டரை மூணு வினாடியில் கடந்தா வேகம் பத்து. பாறைக்குப் பின்னாடி, மூலையில், கீழே மணல் ஓரத்துலன்னு நாலஞ்சு இடத்துல பாருங்க. துணுக்கு எங்கே போய்ச் சும்மா உக்காருதோ அங்கேதான் நாளைக்குச் செம்பழுப்புப் பாசி படரும். நான் முதல் தடவை பண்ணினப்போ தொட்டியின் நடுவுல 12 வந்தது. டார்ச் இருந்த மூலையில் துணுக்கு நகரவே இல்லை. அது மேலேர்ந்து பார்க்க அசைஞ்சுக்கிட்டுத்தான் இருந்தது, ஆனா ஒரே இடத்துல நின்னு ஆடுற தண்ணியில். அவ்வ்வ்வ்.

இப்போ நான் வெச்சிருக்கிற ஏற்பாடு ரொம்ப எளிசு. ரெண்டு பம்பு, தொட்டியின் ரெண்டு குறுக்குக் கண்ணாடியிலும் ஒண்ணொண்ணு, மேல் பக்கம். ஒரு நேரத்துல ஒண்ணுதான் பலமா ஓடும். தண்ணி மேலாக இந்தக் கோடிக்குப் போய், கண்ணாடியில் இறங்கி, அடியில் திரும்பி வரும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை திசை மாறும். கடல்ல ஏற்ற வற்றம் மாறுற மாதிரின்னு சொல்லிக்கலாம், ஆனா உண்மையான காரணம், ஒரே பக்கம் அடிச்சா மறுபக்கம் பட்டினி கிடக்கும்ங்கிறதுதான். பாறையை மலை மாதிரி பின் கண்ணாடியில் சாய்ச்சுக் குவிச்சிருந்தேன். அதைக் கலைச்சு, ரெண்டு தீவா பிரிச்சு, நாலு பக்கமும் தண்ணி போக இடைவெளி விட்டேன். சொன்னா நம்ப மாட்டீங்க, புதுப் பம்பு வாங்கினதைவிடப் பாறையை நகர்த்தினதுலதான் அதிக வித்தியாசம் தெரிஞ்சது. அதுக்கு ஆன செலவு பூஜ்யம் வெள்ளி, கொஞ்சம் முதுகுவலி.

எல்லாப் பவளத்துக்கும் ஒரே ஓட்டம் கிடையாது. அக்ரோபோராவுக்கு அடி அடின்னு அடிக்கணும், அதுவும் திசை மாறி மாறி. டார்ச், ஹாமர் மாதிரி சதைப்பற்றுள்ளதுங்களுக்கு மெதுவா ஊஞ்சல் ஆட்டினா போதும். நேரா பீச்சி அடிச்சா சதை எலும்பிலேர்ந்து கிழிஞ்சுடும். காளான் பவளத்துக்கு இன்னும் கம்மி. "ஓட்டம் அதிகமானா பவளம் செத்துடும்"னு சொல்றவங்க பாதி சரி. அவங்க பார்த்தது அதிக ஓட்டம் இல்லை, குறுகலான ஓட்டம். தோட்டத்துக் குழாயை விரலால அடைச்சுச் செடி மேல பீச்சி அடிச்சுட்டு, "மழை பெய்ஞ்சா செடி செத்துடும்"னு சொல்ற மாதிரி. அகலமா வர்ற வேகம் வேற, ஊசியா குத்துற வேகம் வேற.

இன்னும் ரெண்டு ஆட்சேபணை அடிக்கடி வரும். ஒண்ணு, சூடு. பம்பு தண்ணிக்குள்ள ஓடுது, அது சாப்பிடுற கரண்ட் கடைசியில் சூடாத்தான் மாறும். ஏற்கெனவே நம்ம ஊர் வெயில்ல சில்லர் இல்லாம பவளம் வைக்கிறது கஷ்டம். நியாயமான கவலைதான். ஆனா இப்ப வர்ற டிசி பம்புங்க பழைய பம்பை விட ரொம்பக் கம்மி வாட்டில் அதே வேலையைச் செய்யுது. மோட்டார் கண்ணாடிக்கு வெளியே உக்காந்து, காந்தத்தால உள்ளே இருக்கிற விசிறியைச் சுத்துற வகையும் இருக்கு. அதுல மோட்டார் சூட்டுல பெரும்பகுதி வெளியிலேயே போயிடும். ரெண்டாவது, காசு. ஒரு நல்ல பம்பு விலைக்கு ரெண்டு மூணு அழகான பவளத் துண்டு வாங்கலாமேன்னு கேப்பாங்க. வாங்கலாம். அப்புறம் அதுங்க ஒவ்வொண்ணா வெளுத்துப் போறதையும் பார்க்கலாம். நான் பார்த்திருக்கேன்.

செலவைவிட முக்கியம் கவனம்னு சொன்னேன் இல்லையா? அதுக்கு ஒரு ராத்திரி கதை.

2023-ல் ஒரு நாள் விடிகாலை மூணு மணி. ஃபேன் நின்னு போய் வேர்த்து முழிச்சேன். தொட்டிக்குப் பின்னாடி ஒயர் வழியா உப்புத்தண்ணி சொட்டுச் சொட்டா இறங்கி ப்ளக்குக்குள்ள போய் மெயின் ட்ரிப் ஆகியிருக்கு. எப்போ ஆச்சுன்னு தெரியல. டார்ச் லைட் அடிச்சுப் பார்த்தா மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. நல்ல தண்ணியில் 25 டிகிரியில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன் கரைஞ்சிருக்கும். உப்புத்தண்ணியில் அதே சூட்டுல ஏழு கூடத் தேறாது. ராத்திரியில் பாசி ஆக்சிஜன் கொடுக்காது, எல்லா உயிரும் எடுக்க மட்டும்தான் செய்யும். மேல் தண்ணி அலையாம இருந்தா வெளிக்காத்துலேர்ந்து உள்ளே இறங்குறதும் ரொம்பக் கம்மி. ட்ரிப்பைப் போட்டா மறுபடி விழுது. எந்த ப்ளக்குன்னு கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். அது வரைக்கும் தங்கமணி ஸ்டூல் மேல ஏறி நின்னு, ஒரு ஜக்கால தண்ணியை மொண்டு மொண்டு உயரத்துலேர்ந்து ஊத்திக்கிட்டே இருந்தாங்க. ஒரு வார்த்தை திட்டல. அதான் பயமா இருந்தது :-)

எதுவும் சாகல. ஆனா நாங்க ஊருக்குப் போயிருந்த வாரம் இது நடந்திருந்தா? அடுத்த நாளே கரண்ட் போனா தானே ஓடுற பேட்டரி காத்துப் பம்பு ஒண்ணு வாங்கினேன். நாப்பது வெள்ளிக்கும் கம்மி. ஒயரை எல்லாம் ப்ளக்குக்குக் கீழே தொங்கி மேல வர்ற மாதிரி வளைச்சுக் கட்டினேன், தண்ணி சொட்டினாலும் ப்ளக்குக்குள்ள போகாது. ரெண்டு பம்பையும் ரெண்டு தனித்தனி இணைப்பில் போட்டேன். எண்ணூறு வெள்ளி லைட்டு வாங்கினவன் நாலு வருஷமா இந்த நாப்பது வெள்ளியைச் செலவு பண்ணல பாருங்க. அதைத்தான் கவனம்னு சொல்றேன்.

போன வருஷம் புலாவ் ஹந்து போயிருந்தேன். மலாய்ல பேய்த் தீவுன்னு அர்த்தம். சிங்கப்பூருக்குத் தெற்கே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்துல இருக்கிற குட்டித் தீவு. தண்ணி கலங்கல். கப்பல் போக்குவரத்து, பல வருஷமா கடலைத் தூர்த்து நிலமாக்கின மண்ணு, எல்லாம் அந்தத் தண்ணியில் கலந்திருக்கு. கையை நீட்டினா விரல் மங்கலாத்தான் தெரியும். என் தொட்டியில் வர்ற வெளிச்சத்துல பாதிகூட அங்கே கீழே இறங்காது. ஆனாலும் பவளம் இருக்கு. 1998, 2010, 2016, 2024-னு வெளிறல் அடி மேல அடி வாங்கியும் இருக்கு. அங்கே தண்ணியில் இறங்கி நின்னப்போ, ஏற்ற நேரத்து நீரோட்டம் முழங்கால்ல இடிச்சு என்னைத் தள்ளிக்கிட்டே இருந்தது. பவளம் மேல படியுற சேற்றை அந்த ஓட்டம்தான் நாளுக்கு நாலு தடவை திசை மாறித் துடைச்சுக்கிட்டு இருக்கு. லைட் கம்மி, தண்ணி அழுக்கு, ஆனா நீவாடு உண்டு. பிழைச்சுக் கிடக்கு.

அங்கே நின்னப்போ சித்தப்பா ஞாபகம் வந்தது. அவர் சின்ன வயசுல எங்க ஊர்ப் பக்கம் பாரை உடைச்சுப் பவளக்கல்லைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வள்ளம் வள்ளமா கொண்டு வந்திருக்காங்க. பார் போன இடத்துல அலையைத் தடுக்க ஆளில்லை. மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவுல விலாங்குசல்லி தண்ணிக்குள்ள போயிடுச்சு. வான் தீவு கரைஞ்சு கரைஞ்சு, 2015-லிருந்து கடலுக்குள்ள செயற்கைப் பாரை இறக்கித்தான் அதைத் தாங்கிப் பிடிச்சிருக்காங்க. அலை இல்லாம பவளம் இல்லை, பவளம் இல்லாம அலை நம்மளைச் சும்மா விடாது. இது தெரிஞ்ச ஊர்ல பிறந்துட்டு, நானே ஒரு பவளத்தைக் காத்தில்லாத ரூம்ல பூட்டி வெச்சேன்னு நினைக்கிறப்போதான் இந்தப் பதிவு எழுதணும்னு தோணிச்சு.

கடலிலேர்ந்து எடுத்தாலும் பண்ணையில் வளர்த்தாலும், அந்த உயிருக்கு நகர்ந்து போற வசதி இல்லை. மீனுக்கு இடம் பிடிக்கலேன்னா அந்தப் பக்கம் நீந்திடும். பவளம் நாம வெச்ச இடத்துல இருக்கும், இருந்தே சாகும். அதனால புதுசா ஆரம்பிக்கப் போறவங்க முதல்ல பம்பை மாட்டுங்க. பாறைக்கு நடுவுல வழி விடுங்க. தீவனத் துணுக்கை விட்டு எல்லா மூலையிலும் ஓட்டம் இருக்கான்னு பாருங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பம்பைக் கழட்டி ஆசிட்ல ஊற வைங்க, காலண்டர்ல குறிச்சு வெச்சே பண்ணுங்க. பேட்டரிக் காத்துப் பம்பை வாங்குங்க. இதெல்லாம் ஆன பிறகு லைட் பற்றிப் பேசலாம். இதுக்குப் பொறுமை இல்லேன்னா ரெண்டு நீமோவோட சந்தோஷமா இருங்க, தப்பே இல்லை.

சித்தப்பாவுக்கு நான் அன்னிக்கு என்ன பதில் சொன்னேன்னு கேக்கறீங்களா? பம்பைக் காட்டி, கன்ட்ரோலரைக் காட்டி, ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா திசை மாறும்னு பெருமையா விளக்கினேன். மனுஷன் பொறுமையா கேட்டுட்டு, அந்த ரெண்டு தலை டார்ச் ஆடுறதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார். "பரவால்லலே, வாடு ஓடுது" அப்படின்னார். அஞ்சு வருஷத்துல எனக்குக் கிடைச்ச ஒரே பாராட்டு அதுதான்.

பி.கு.: லைட்டுதான் முக்கியம்னு சொல்ற கட்சிக்காரங்க தாராளமா சண்டைக்கு வரலாம். வரும்போது உங்க தொட்டியில் ஸ்கேல் ஒட்டி அளந்த நம்பரோட வாங்க :-)